பழைய பொருள் விற்பனையும் பழுதற்ற விரதமும்

இல்லறத்தார்க்கு ஆசாரியர்கள் வகுத்தளித்த அணுவிரதங்கள் ஐந்தனுள், கள்ளாமையைக் காப்பது எளிது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பிறர் வீடு புகுந்து பொருள் கவர்வோர் நம்மிடையே இல்லை. ஆயினும் காலம் மாறுந்தோறும் களவின் வடிவமும் மாறுகிறது. இன்று வீட்டிலிருந்தவாறே இணையத்தின் வழியாகப் பயன்படுத்திய பொருள்களை விற்கும் வழக்கம் பரவியுள்ளது. பழைய மிதிவண்டி, மேசை, பீரோ, கைப்பேசி, ஏன், அன்னை அணிந்த நகையுங்கூட இவ்வாறு விலைபோகின்றன. வந்த பணத்திற்கு வரி உண்டா என்பது கணக்கரிடம் கேட்கும் வினா. அதனை மறைத்தால் விரதம் பழுதுபடுமா என்பது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.

முதற்கண் சட்டத்தின் நிலையைக் காண்போம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமும், அதன் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கென இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டுச் சட்டமும் இதில் ஒரே நெறியைக் கொண்டுள்ளன. ஒருவர் தாமும் தம்மைச் சார்ந்த குடும்பத்தாரும் பயன்படுத்தும் உடை, தட்டுமுட்டுச் சாமான் முதலிய அசையும் பொருள்கள் மூலதனச் சொத்து ஆகா. ஆகவே அவற்றை விற்பதில் மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் நகை, ஓவியம், சிற்பம், தொல்பொருள் தொகுப்பு ஆகியன இவ்விலக்கில் அடங்கா. மேலும், விற்பதற்கென்றே பழம்பொருள்களை வாங்கி விற்பவர் ஈட்டும் ஊதியம் வணிக வருவாயேயாம்.

1976இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்று இங்கு நினைக்கத்தக்கது. மகாராஜா ராணா ஹேமந்த் சிங் என்பார், இலக்குமி பூசையில் வைக்கப்படும் பொன், வெள்ளி நாணயங்களும் தமது சொந்தப் பயன்பொருள்களே என்று வாதிட்டார். ஒருவரது வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையதாய், இயல்பாகப் பயன்படுவதே அத்தகைய பொருள் என்று கூறி நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. பயன்படுவது வேறு, சேர்த்து வைப்பது வேறு என்னும் இப்பாகுபாடு, பொருள் வரைதல் என்னும் ஐந்தாம் அணுவிரதத்தைப் பயின்ற நமக்குப் புதிதன்று.

சட்டம் விலக்களித்த பொருளுக்கு வரி செலுத்தாமை குற்றமாகாது. தடுமாற்றம் பிறப்பது வரி உள்ள இடத்திலேதான். அன்னை ஒரு இலட்சம் ரூபாய்க்கு வாங்கி மகளுக்கு விட்டுச் சென்ற சங்கிலி, பல ஆண்டு கழித்து நான்கு இலட்சத்திற்கு விற்கப்படுகிறது என்று கொள்வோம். அன்னை கொடுத்த விலையே மகளுக்கும் அடக்க விலை. ஆதாயம் மூன்று இலட்சம். 2024 ஜூலை 23 முதல் அமைந்த 12.5 சதவீத விகிதப்படி, வேறு வருவாயே விலக்கு வரம்பைக் கடந்த ஒருவர்க்கு வரி 37,500 ரூபாய். கூடுதல் தீர்வை தனி. வாங்குபவரோ பணத்தை ரொக்கமாகத் தருகிறார். இருவரன்றி அறிந்தவர் எவருமிலர். என் செய்வது?

இங்கு ஒரு நியாயமான ஐயம் எழும். கொடுக்கப்படாததைக் கொள்ளுதலே களவு. தன் தாயின் நகையை விற்று வந்த பணத்தைத் தானே வைத்துக்கொள்ளுதல் எங்ஙனம் களவாகும்? எதனையும் எடுக்கவில்லையே, கொடாமல் இருந்தோம், அவ்வளவுதானே!

இவ்வையத்திற்கு விடையைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்திலேயே காணலாம். கள்ளாமைக்குரிய அதிசாரங்களுள் அரசநெறி கடத்தலும் ஒன்று. இக்காலத்து விளக்கம் கூறுவோர் வரி ஏய்ப்பையும் அதனுள் அடக்குவர். ஆனால் அதனினும் நுண்ணியது, வாய்மைக்குரிய அதிசாரங்களுள் வைக்கப்பட்டுள்ள நியாசாபகாரம். அடைக்கலமாகப் பொருள் வைத்தவன் அதன் அளவை மறந்து குறைத்துக் கேட்கிறான். பெற்றவனோ உண்மையை உரைக்காமல், "ஆம், அவ்வளவே" என்று உடன்படுகிறான். பூஜ்யபாதர் தமது சர்வார்த்தசித்தியில் இதற்குத் தரும் பொருள் இதுவே. இங்கே கை நீட்டி எடுத்தவர் எவருமிலர். மற்றவனது அறியாமைக்கு உடன்பட்டமையே குற்றம்.

வரியும் அத்தகையதே. ஆதாயம் கைக்கு வந்த அன்றே அதன் ஒரு பகுதி பொதுமக்களின் அடைக்கலமாக நம்மிடம் தங்கிவிடுகிறது. அரசு அதன் அளவை அறியாதிருக்கலாம். அவ்வறியாமையைக் கண்டு நாம் வாய் மூடியிருப்பின், படிவத்தில் இடும் கையொப்பமே "ஆம், அவ்வளவே" என்னும் உடன்பாடாகிறது.

"அரசு பணத்தை வீணாக்குகிறதே" என்பர் சிலர். அடைக்கலம் வைத்தவன் ஊதாரியாயினும் அடைக்கலம் அவனுடையதே. "வரியாகும் தொகையைத் திருக்கோயில் திருப்பணிக்கு ஈந்துவிடுவேன்" என்பர் வேறு சிலர். தானம் தன்னுடையதை ஈதல்; பிறர்க்குரியதை ஈந்து புண்ணியம் தேட இயலாது. 37,500 ரூபாயைச் செலுத்திய பின் எஞ்சியதில் நூறு ரூபாய் ஈயினும் அதுவே தூய தானம்.

கடினமான வினா இன்னொன்றும் உண்டு. மருத்துவச் செலவிற்காக நகையை விற்கும் ஏழைக் குடும்பத்தையும் இவ்வளவு கண்டிப்புடன் நோக்கலாமா? அவர்தம் மொத்த வருவாய் விலக்கு வரம்பினுள் இருப்பின் சட்டமே பெரும்பாலும் இரங்குகிறது. வரம்பைச் சிறிது கடந்து அல்லற்படுவோர்க்கு நாம் கூறவேண்டியது அறவுரை அன்று. அவர் பொய்யுரைக்க நேராதவாறு தோள் கொடுத்தலே நம் கடன். ஒருவரைத் தனியே தவிக்கவிட்டு, அவர் விரதம் வழுவியதாகப் பேசும் சமுதாயம் தானும் வழுவியதேயாம்.

ஆகவே, பழம்பொருளை விற்க முனையும் நாம் மூன்றினை உளங்கொள்வோம். அதன் குறையை மறையாது உரைப்போம். பயன்பொருள் எது, சேமித்த செல்வம் எது எனப் பிரித்தறிவோம். வரி உளதாயின் கேட்கப்படுமுன் கொடுப்போம். பொருளை விற்றபின் அதன்மேல் இருந்த பற்றும் நீங்க வேண்டும். வரியை மறைத்தவர்க்கோ பொருள் போயினும் பற்று போவதில்லை. அச்சமாக உருமாறி அது நெஞ்சிலேயே தங்கிவிடுகிறது.