பெயரும் மெய்ம்மையும்

தோ பாயோவில் இன்று சதுப்பு நிலம் இல்லை. ஹொக்கியன் மொழியில் 'தோ' என்றால் பெரிய. மலாய் மொழியில் 'பாயா' என்றால் சதுப்பு நிலம். 1960களில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன, நிலம் மாறியது, பெயர் நிலைத்தது. இதனால் எவருக்கும் தீங்கில்லை. ஆயின், எல்லாப் பழம்பெயர்களும் இவ்வாறு தீங்கற்றவை தாமா?

ஈர மண்ணிலும் சேற்று நீரிலும் வாழும் ஒரு நுண்ணுயிரின் வரலாறு இவ்வினாவிற்கு ஒளி தருகின்றது. சிங்கப்பூரிலும் காணப்படும் மெலியோய்டோசிஸ் நோய்க்குக் காரணம் அதுவே. 1911ஆம் ஆண்டு இரங்கூனில் ஆல்பிரட் விட்மோரும் அவருடன் பணியாற்றிய சி. எஸ். கிருஷ்ணசாமியும் அதனைக் கண்டறிந்தனர். குதிரைகளைத் தாக்கும் கிளாண்டர்ஸ் நோயின் நுண்ணுயிரை அது ஒத்திருந்தமையால், 'போலி' எனப் பொருள்படும் 'சூடோ' என்னும் சொல்லைச் சேர்த்துச் 'சூடோமாலியை' என்று விட்மோர் பெயரிட்டார். பின்னர் வந்தோர் அதனை 'மாலியோமைசிஸ்' இனத்தில் சேர்த்தனர். 'மைசிஸ்' என்பது பூஞ்சையைக் குறிக்கும் சொல், பாக்டீரியாவோ பூஞ்சையன்று. அடுத்துச் 'சூடோமோனாஸ்' ஆயிற்று. 1992 முதல் 'பர்கோல்டெரியா' ஆயிற்று.

நேற்றைய பெயர் இன்று தவறெனில் அறிவியலை எங்ஙனம் நம்புவது என மாணவர் வினவலாம். உருவத்தையும் புறப்பண்புகளையும் மட்டுமே காண முடிந்த காலத்தில் அவற்றைக் கொண்டு பெயரிட்டனர். மரபணுவை ஆராய வழி பிறந்ததும் திருத்திக் கொண்டனர். தவற்றை ஒப்புக்கொள்ளும் அந்நேர்மையே நம்பிக்கைக்கு அடித்தளம்.

மரபணு ஆய்வு மற்றொன்றையும் உணர்த்தியது. கிளாண்டர்ஸ் நுண்ணுயிர் இந்தப் 'போலி'யின் வழித்தோன்றலே! போலி எனப்பட்டதே மூலம். எனினும் 'சூடோமாலியை' என்னும் சிறப்புப் பெயர் இன்றும் நீங்கவில்லை. அதனால் நுண்ணுயிர் வருந்தப் போவதில்லை.

குழந்தை வருந்தும். 'மந்தமானவன்' என்று ஒரு நாள் தேர்வைக் கொண்டு சூட்டிய பெயர், அவன் வளர்ந்த பின்னும் நெஞ்சில் தங்கிவிடும். சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளில் பல்லாண்டுகள் வழங்கிய 'விரைவுநிலை', 'வழக்கநிலை' என்னும் பிரிவுகள், 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தோர் முதல் கைவிடப்பட்டன. ஏட்டில் பெயர் நீங்கிற்று. ஆசிரியர் நாவிலும் நெஞ்சிலும் நீங்க வேண்டாவா?

நுண்ணோக்கியால் ஒருமுறை கண்டதை நூறு முறை திருத்திக்கொள்ளத் துணிந்தனர் அறிஞர். கண்முன் நாள்தோறும் வளரும் மாணவனைப் பற்றிய முடிவை ஒருமுறையேனும் மீள ஆராய்தல் ஆசிரியர்க்கு அறமாகும்.