ஆறுதல் கிடைத்தால் போதுமா?



பிள்ளையை அடக்கம்பண்ணிவிட்டு வந்த தாயிடத்தில் ஒருவர் வந்து, "உங்க மகன் என்கிட்ட பேசினான், சந்தோஷமா இருக்கேன்னு சொல்லச் சொன்னான்" என்றால், அந்தத் தாய் நம்பாமல் என்ன செய்வாள்? "நம்பிட்டுப் போகட்டுமே, துக்கம் ஆறுதே" என்பவர்களும் உண்டு. அந்தச் செய்தி பொய்யாயிருந்தால்?

ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில் 1918ல் மகனை இழந்தவர். மரித்தவர்கள் மீடியம் மூலமாய்ப் பேசுகிறார்கள் என்று ஊர் ஊராய்ப் போய்ப் பேசினார். 1922ல் அமெரிக்காவில், தாயை இழந்திருந்த மாயவித்தைக்காரர் ஹூடினியை உட்காரவைத்து, டாயிலின் மனைவியே மீடியமாயிருந்து, தாயின் செய்தி என்று பக்கம் பக்கமாய் எழுதினார். எழுதியது ஆங்கிலத்தில்! தாளின் தலையில் சிலுவை அடையாளம்! ஹூடினியின் தாயோ யூத ரபீயின் மனைவி. ஆங்கிலம் சரியாய்ப் பேசத் தெரியாதவர். டாயிலின் மனைவி ஏமாற்ற வந்தவர் அல்ல, நம்பித்தான் எழுதினார். ஆனால் மனது உண்மையாயிருப்பது வேறே, செய்தி உண்மையாயிருப்பது வேறே.

விஞ்ஞானிகள் இதைச் சும்மா விடவில்லை. லண்டனில் 1882லேயே இதை ஆராய ஒரு சங்கம் தொடங்கினார்கள். அரிசோனா பல்கலைக்கழகத்தின் கேரி ஷ்வார்ட்ஸ், மீடியம்கள் சொல்வது பலிக்கிறது என்று 2002ல் புத்தகம் போட்டார். மனோதத்துவ நிபுணர் ரே ஹைமன் மறுத்தார்: மார்க் போட்டவர்கள் துக்கத்திலிருப்பவர்கள், தங்களுக்குச் சொன்னது எது என்று தெரிந்தே போட்டவர்களும் அவர்களில் உண்டு. 2005ல் இங்கிலாந்தில் வைஸ்மனும் ஒகீஃபும் 5 மீடியம்களைச் சோதித்தார்கள். யாருக்குச் சொன்னது என்பதை மறைத்து, எல்லாச் செய்தியையும் எல்லாரிடமும் கொடுத்தார்கள். அவரவர் செய்தி அவரவருக்கென்று விசேஷமாய்ப் பொருந்தவில்லை. 2007ல் ஷ்வார்ட்ஸும் ஜூலி பைஷலும், நாங்களும் மறைத்துத்தான் பார்த்தோம், பலித்தது என்று எழுதினார்கள். வழக்கு இன்னும் தீரவில்லை.

ஆனாலும் ஒன்று தெளிவு. அழுகிறவரை நீதிபதியாக உட்காரவைக்கக் கூடாது. அவருடைய ஏக்கமே குறையை நிரப்பிவிடும். ஆகையால் சோதித்துப் பார்ப்பது இரக்கமில்லாத காரியம் அல்ல. மகன் சொல்லாத வார்த்தையை அவன் வாயில் வைத்தால், மரித்தவன் எழுந்துவந்து "நான் சொல்லலையே" என்பானா?

தேவபிள்ளைகளே, எந்தோருக்குப் போன சவுலைப்பற்றி நாம் பிரசங்கிக்கிறோம். நம் மேடையிலே, "இங்கே ஒரு சகோதரி, முழங்கால் வலியோடே வந்திருக்கீங்க" என்று சொன்னால்? ஐந்நூறு பேரில் அப்படி ஒருத்தர் இருக்கமாட்டாரா? மீடியத்துக்கு ஒரு படிக்கல், நமக்கு ஒரு படிக்கல் என்று வைப்பது நியாயமா? சொன்னதை எழுதிவையுங்கள், நடந்ததா என்று விசாரியுங்கள். மெய்யானது விசாரணைக்குப் பயப்படாது.

துக்கவீட்டில் சொல்ல நம்மிடம் செய்தி ஒன்றும் இல்லையென்றால், பக்கத்தில் உட்கார்ந்து அவர்களோடே அழுவோம். அது போதும்.