தபீத்தாவின் ஊசி



அப்போஸ்தலர் பணி ஒன்பதாம் அதிகாரம் யோப்பா பட்டணத்தில் நிகழ்ந்த ஒரு சாவீட்டை நமக்குக் காட்டுகின்றது. இறந்தவள் தபீத்தா என்னும் சீடத்தி. அவள் பேசிய ஒரு வார்த்தையைத்தானும் லூக்காஸ் எழுதிவைக்கவில்லை. அவள் மறையுரை ஆற்றியதாகவோ, காட்சி கண்டதாகவோ ஒரு குறிப்பும் இல்லை. ஆயினும் இராயப்பர் அந்த மேல்மாடி அறைக்குள் நுழைந்தபோது, ஊரிலுள்ள கைம்பெண்கள் அழுதுகொண்டு அவரைச் சூழ்ந்து நின்றார்கள். தபீத்தா தங்களோடு இருந்த நாளிலே தைத்துக் கொடுத்த அங்கிகளையும் மேலாடைகளையும் அவருக்கு எடுத்துக் காட்டினார்கள். அவளுடைய விசுவாசத்துக்கு அந்தத் தையலே சாட்சியாயிற்று. இராயப்பர் முழந்தாட்படியிட்டு மன்றாடினார். இறந்தவள் எழுந்தாள்.

தபீத்தாவின் ஊசி இன்றும் ஓய்ந்துவிடவில்லை. பழந்துணிகளைச் சேர்த்து, கழுவி, வெட்டி, பைகளாகத் தைத்து விற்று, வருகின்ற பணத்தைத் தருமத்துக்குக் கொடுக்கும் முயற்சி இன்று உலகின் பல பாகங்களில் நடைபெறுகின்றது. நமது வன்னிப் பங்குகளிலுள்ள மாதர் சங்கங்களும் இதனைக் குறித்துச் சிந்தித்தல் நன்று. ஆனால் இதைச் சொன்னதும் நம்மவர் மனத்தில் ஒரு கேள்வி எழும். "நாங்களே பிறர் கொடுத்ததில் எழுந்து நின்றவர்கள். நாங்கள் எப்படி மற்றவர்களுக்குக் கொடுப்பது?" நியாயமான கேள்வி. இதற்கு விடை காணவே இவ்வாரம் விரும்புகின்றோம்.

துணியில் பை தைப்பது வன்னிக்குப் புதிதல்ல. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2009இன் முற்பகுதியிலும் கிளிநொச்சியிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று மக்கள் நகர்ந்துகொண்டே இருந்த நாட்களை நாம் அறிவோம். போன இடமெல்லாம் பதுங்குகுழி வெட்ட வேண்டியிருந்தது. கரையோரத்து மணலில் வெட்டிய குழி சரிந்து விழும். அதைத் தாங்க மண்மூட்டை வேண்டும். மூட்டைக்குச் சாக்கு கிடைக்கவில்லை, உரப்பையும் முடிந்துவிட்டது. அப்போது தாய்மார் தங்கள் சேலைகளைக் கிழித்துப் பைகளாகத் தைத்தார்கள். அன்றாடம் உடுத்த நூற்சேலை மட்டுமல்ல, பெட்டியின் அடியிலே பத்திரப்படுத்தியிருந்த பட்டுச் சேலையும் அவ்வாறு போயிற்று. அந்தப் பைகளுக்குள் மண்ணை நிரப்பிப் பிள்ளைகளைச் சுற்றி அடுக்கினார்கள். அவற்றுக்குப் பின்னால் இருந்து உயிர் தப்பியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றார்கள். தப்பாதவர்களுக்காக நாம் ஒவ்வோர் ஆண்டும் வைகாசியில் பூசை ஒப்புக்கொடுக்கின்றோம்.

அதன்பின் வந்தவை வேறுவகையான நாட்கள். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்படும் வரைக்கும், மீள்குடியேறிய பின்னர் கூடப் பலகாலமும், நமது மக்கள் வரிசையில் நின்றார்கள். அரிசிக்கு வரிசை, தண்ணீருக்கு வரிசை, தறப்பாளுக்கு வரிசை. பிறர் கொடுத்தவை பசியாற்றின, அதற்கு நாம் நன்றியுள்ளவர்களாய் இருக்கின்றோம். எனினும் நீண்ட காலம் வாங்கிக்கொண்டே இருப்பவன் மனத்தில் ஒரு காயம் உண்டாகின்றது. "என்னிடம் கொடுப்பதற்கு எதுவுமில்லை" என்று அவன் நம்பத் தொடங்குகின்றான். பசியைப் பார்த்துத் தீர்க்க வந்தவர்களின் கண்ணுக்கு இந்தக் காயம் தெரிவதில்லை.

கைம்பெண்ணின் இரண்டு காசை யேசு எவ்வாறு பார்த்தார் என்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொள்வோம். காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்திருந்த ஆண்டவர் அவளுடைய வறுமையை நன்கு அறிந்தவர். ஆனால் அவளைத் தடுத்து நிறுத்தி, "நீ ஏழை, உன் காசை எடுத்துக்கொண்டு போ" என்று அவர் சொல்லவில்லை. எல்லாரையும்விட அவளே மிகுதியாகப் போட்டாள் என்று சீடருக்குக் காட்டினார். அவ்வாறே மக்கெதோனியாவின் சபைகளைப் பற்றிப் புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதுகின்றார். அவர்கள் கொடிய வறுமையில் இருந்தார்கள். இருந்தும் எருசலேமில் துன்புற்ற சகோதரருக்கு உதவும் பேற்றைத் தங்களுக்கும் தரும்படி அவரை வருந்திக் கேட்டுக்கொண்டார்கள். கொடுப்பது ஒரு சுமை என்று அவர்கள் எண்ணவில்லை. அதனை ஒரு பேறு என்றே எண்ணினார்கள். ஏழைக்கு உணவு பெற உரிமை உண்டு என்பதை நாம் ஏற்றுக்கொள்கின்றோம். ஏழைக்குக் கொடுக்கவும் உரிமை உண்டு என்பதை மறந்துவிடுகின்றோம்.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டுக் கரையில் நடந்த ஒன்று இதற்கு நல்ல உதாரணம். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் சுனாமி நமது முல்லைத்தீவைச் சிதைத்தது போலவே அந்தக் கரையையும் சிதைத்தது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள ஆரோவில்லில் உமா பிரஜாபதி என்ற ஆடை வடிவமைப்பாளர் 'உபாசனா' என்னும் நிறுவனத்தை நடத்தி வந்தார். பக்கத்துக் குப்பங்களிலே வீட்டையும் உறவையும் இழந்து செயலற்றிருந்த மீனவப் பெண்களை அழைத்து, தையற்கூடத்தில் மிஞ்சிய துணித்துண்டுகளைக் கையிற் கொடுத்து, விரலளவேயான சின்னஞ்சிறு பொம்மைகளைச் செய்யப் பழக்கினார். 'சுனாமிகா' என்று அதற்குப் பெயர். அந்தப் பொம்மை விலைக்கு விற்கப்படவில்லை. அன்பளிப்பாகவே கொடுக்கப்பட்டது. விரும்பியவர்கள் அனுப்பிய நன்கொடையிலிருந்து பெண்களுக்கு வருமானம் கிடைத்தது. துயரப்பட்ட பெண்ணின் கையிலிருந்து உலகத்துக்கு ஒரு பரிசு போயிற்று. அதே நிறுவனம் பின்னர், மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும் துணிப்பைகளையும் செய்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சுனாமிக்குப் பின் தமிழ்நாட்டிற்கு வந்து குவிந்த பழைய உடுப்புகளில் பெரும்பகுதி மக்களுக்கு உதவவில்லை. கரையோர மக்கள் உடுத்தாத உடுப்புகள், கிழிந்தவை, அழுக்கானவை எல்லாம் தெருவோரத்திற் கிடந்தன. 1999இல் டில்லியில் அன்ஷு குப்தா தொடங்கிய 'கூஞ்ச்' என்ற அமைப்பு அவ்வாறு தேங்கிய துணிகளையும் எடுத்துப் பயன்படுத்தியது. உடுக்கக்கூடியதை உடுப்பாகவும், உடுக்க முடியாததைப் பை, விரிப்பு முதலியனவாகவும் அந்த அமைப்பு ஆக்குகின்றது. கிராமத்தார் தங்கள் ஊருக்காகக் கிணறு தோண்டினால், பாதை அமைத்தால், அந்த உழைப்பிற்கு உரிய சன்மானமாகவே துணி அவர்களுக்கு வழங்கப்படுகின்றது. பிச்சை என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை. 2015இல் குப்தாவுக்கு மக்சேசே விருது கிடைத்தது.

இவ்விரண்டு முயற்சிகளுக்கும் அடியிலிருப்பது நற்செய்திக்கு அந்நியமானதன்று. ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்த பின், மிஞ்சிய துண்டுகளைச் சேர்க்கும்படி யேசு சீடருக்குக் கட்டளையிட்டதை அருளப்பர் எழுதியுள்ளார். பன்னிரண்டு கூடை நிறைந்தது. அவ்வளவு அப்பத்தை ஒரு சொல்லால் பெருகச் செய்தவருக்குத் துண்டுகள் எதற்கு? எதுவும் வீணாகக்கூடாது என்பது அவருடைய எண்ணம். மிஞ்சியதை வீசுகின்றவன், மெல்ல மெல்ல மனிதரையும் வீசப் பழகிக்கொள்கின்றான். பாப்பரசர் பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட 'லவ்தாத்தோ சீ' சுற்றுமடலில் இவ்விரண்டையும் சேர்த்தே கண்டித்தார்.

இனிக் காரியத்துக்கு வருவோம். நமது பாட்டன்மார் சந்தைக்குப் போனபோது பனையோலை உமலைக் கொண்டுபோனார்கள். அதை நாம் கைவிட்டுச் 'சொப்பிங் பை'யைப் பிடித்தோம். இன்று குளக்கட்டிலும் வேலியிலும் அது தொங்குகின்றது. மாடு தின்று சாகின்றது. 2025 நவம்பர் 1 முதல் கடைகளில் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது, அதன் விலையைப் பற்றுச்சீட்டிற் காட்ட வேண்டும் என்று இலங்கையில் விதி வந்துள்ளது. ஆகவே துணிப்பைக்கு இப்போது தேவை உண்டு. துணியும் உண்டு. வீடுதோறும் பழைய சேலை, காற்சட்டை, திரைச்சீலை கிடக்கின்றன. போருக்குப் பின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் எழுந்த ஆடைத் தொழிற்சாலைகளில் வெட்டுத்துண்டுகள் மிஞ்சுகின்றன. உதவி நிறுவனங்கள் கொடுத்த தையல் மெசின்கள் பல வீடுகளில் மூடிக் கிடக்கின்றன. மெசினைக் கொடுத்தவர்கள் தைத்ததை வாங்க ஆளைக் கொடுக்கவில்லை.

இந்த முயற்சியில் இறங்குவோர் மூன்று காரியங்களை மனத்திற் கொள்ள வேண்டும்.

முதலாவது, துணி கொடுப்பவர்களுக்கு. குப்பையை ஒதுக்குவதற்கு ஏழையின் வாசல் இடமல்ல. கழுவி, உலர்த்தி, மடித்துக் கொடுங்கள். பொத்தானும் சிப்பும் கிடந்தால் கழற்றாமல் விடுங்கள், அவையும் பயன்படும். ஆண்டவருக்குக் கொடுப்பதாக எண்ணிக் கொடுத்தால் அழுக்குத் துணி கொடுக்கக் கை வருமா?

இரண்டாவது, தைக்கின்றவர்களுக்கும் நடத்துகின்றவர்களுக்கும். தருமத்துக்குத் தைப்பது என்பதற்காகத் தையல் தளர்ந்திருக்கக் கூடாது. நைந்த சேலைக்கு உட்துணி வைக்க வேண்டும். காற்சட்டைத் துணி அடிப்பக்கத்துக்கு உகந்தது. பிடி சேரும் இடத்தை நாற்சதுரமாகத் தைத்து, நடுவே குறுக்குத் தையல் போட்டால்தான் ஐந்து கிலோ அரிசியும் இரண்டு தேங்காயும் தாங்கும். வாங்கியவர் வீடு போய்ச் சேருமுன் பிடி அறுந்தால் அடுத்த முறை வாங்கமாட்டார்.

அதைவிட முக்கியமானது கூலி. ஒரு பை 300 ரூபாவுக்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். நூலுக்கும் பிடிப்பட்டிக்கும் மின்சாரத்துக்கும் 50 ரூபா போகட்டும். மீதி 250 ரூபாவும் தருமத்துக்கே என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அதைத் தைத்தவள் பிள்ளைகளோடு தனித்து வாழும் தாயாய் இருந்தால், வாராவாரம் நுண்கடன் கட்டுகின்றவளாய் இருந்தால், நாம் செய்தது தருமமா? வேலையாளின் கூலியை அன்றைக்கே கொடு என்கின்றது மோயீசனின் சட்டம். பிடித்துவைத்த கூலி கடவுளை நோக்கிக் கூக்குரலிடும் என்று எச்சரிக்கின்றார் புனித யாகப்பர். மக்கெதோனியரைப் புகழ்ந்த அதே அதிகாரத்தில் சின்னப்பரும், ஒருவர் இளைப்பாற மற்றவர் நசுங்க வேண்டுமென்று தாம் கேட்கவில்லை என்கின்றார். ஆகவே முதலில் கூலியை அவள் கையில் வையுங்கள். அதன்பின் மிஞ்சுவதே தருமம். தன் கூலியிலிருந்தும் பத்து ரூபா போட அவள் விரும்பினால், அது அவளுடைய இரண்டு காசு. அதை அவள்தான் தீர்மானிக்க வேண்டும், சங்கம் தீர்மானிக்கக் கூடாது. வரவு செலவுக் கணக்கை மாதம் ஒருமுறை கோவிலில் வாசியுங்கள். கணக்கு மறைந்த இடத்தில் சந்தேகம் முளைக்கும். அதன்பின் தருமம் வளராது.

மூன்றாவது, வாங்குகின்றவர்களுக்கு. பாவம் என்று இரங்கி வாங்காதீர்கள். அப்படி வாங்கிய பை அலுமாரிக்குள் கிடக்கும். பை நன்றாயிருந்தால் உரிய விலையைப் பேரம் பேசாமல் கொடுத்து வாங்கி, நாள்தோறும் சந்தைக்குக் கொண்டுபோங்கள். ஆவணி 15இல் மடுத் திருநாளுக்குச் செல்கின்ற யாத்திரிகர்கள் பொலித்தீன் பைகளை மாதாவின் காட்டில் விட்டுவராமல், வன்னித் தாய்மார் தைத்த துணிப்பைகளில் தங்கள் பொருட்களைக் கொண்டுபோனால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

சேர்கின்ற பணம் பெருந்தொகையாய் இராது. ஒரு பிள்ளையின் கொப்பி, சப்பாத்து; தனித்திருக்கும் முதியவருக்கு ஒரு மாதத்து மருந்து; வைத்தியசாலைக்குப் போய்வரும் நோயாளிக்குப் பஸ் காசு. அவ்வளவுதான். ஆனால் அதைக் கொடுக்கின்றவள் ஒரு காலத்தில் நிவாரண வரிசையில் நின்றவள். அவள் கை இன்று கொடுக்கும் கையாக நீளுகின்றது. அன்று மண்ணை நிரப்பித் தன் பிள்ளையைக் காக்கச் சேலையிற் பை தைத்தவள், இன்று அயலாரின் பிள்ளைக்காகத் தைக்கின்றாள். வன்னியின் மீள்வாழ்வு என்று நாம் பேசுவதில் பாதையும் பாலமும் கட்டடமும் மட்டும் அடங்கவில்லை. இதுவும் அடங்கும்.

கடைசி யாத்திரைக்குக் காதற்ற ஊசியும் துணைக்கு வராது என்பதை உணர்ந்து பட்டினத்தார் செல்வம் அனைத்தையும் துறந்தார் என்று நம் முன்னோர் சொல்வார்கள். உண்மை, ஊசி நம்மோடு வராது. ஆனால் அந்த ஊசியால் பிறருக்குத் தைத்துக் கொடுத்தது வரும். யோப்பாவின் கைம்பெண்கள் இராயப்பர் முன் அங்கிகளை எடுத்துக் காட்டியது போல, நமக்காகவும் யாராவது ஓர் ஏழை அந்த நாளில் நீதிபதியின் முன் நின்று எதையாவது எடுத்துக் காட்ட வேண்டும். அது பழஞ்சேலையில் தைத்த ஒரு பையாக இருந்தாலும் போதும்.

தபீத்தாவை எழுப்பிய ஆண்டவர் நம் தாய்மாரின் கைகளையும் ஆசீர்வதிப்பாராக.