முதியோர் இல்லமும் மக்கள் கடனும்

தளர்ந்த பெற்றோரை முதியோர் இல்லத்தில் விடுதல் அறமாமோ எனின், கைவிடுதல் வேறு, ஒப்புவித்தல் வேறு என்க. கைவிடுவார்க்கு 3 திங்கள்காறும் சிறை விதித்தற்கு இந்திய நாட்டின் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தருகின்றது. அன்பை விதித்தல் எச்சட்டத்திற்கும் இயலாது.

ஒப்புவிக்கக் கருதுவார் கட்டடத்தின் பொலிவு கண்டு மயங்கற்க. முன்னறிவியாது உண்பொழுதினும் அந்திக்குப் பின்னரும் சென்று காண்க. கூப்பிட்டார்க்கு விடையுண்டோ? குடிநீர் கைக்கெட்டும் அணிமையில் உளதோ? எழமாட்டாதாரை ஏறத்தாழ 2 மணிக்கொருகால் புரட்டிக் கிடத்திப் படுக்கைப்புண் வாராமற் காக்கின்றனரோ? மறதிநோயுற்றாரைக் கட்டிவைத்தலும் மயக்க மருந்தால் அடக்கலும் உண்டோ?

இவையெல்லாம் செவ்வனே யமையினும் மக்கள் கடன் தீர்ந்ததன்று. பொருள் கொடுத்துப் பெறுவது பணிவிடையே. மகவின் முகம் விலைக்குக் கிடைப்பதன்று. ஆகலின் இடையறாது சென்று காண்பார்க்கே அஃது ஒப்புவித்தலாம். செல்லாதார்க்கு, இல்லம் எத்துணை நன்றாயினும், கைவிடுதலேயாம்.