அழுக்கை அழுக்கால் கழுவுதல்

கம்பளத்தில் சிந்திய சிவப்பு ஒயினைத் தேய்த்தால் கறை இழைக்குள் இறங்கிவிடும். வெள்ளைத் துணியால் ஒற்றியெடுத்து, குளிர்ந்த நீரும் சில துளி பாத்திரச் சோப்பும் விட்டு மறுபடி ஒற்ற வேண்டும். அதன்பின்னும் எஞ்சுவது திராட்சைத் தோலின் ஆந்தோசயனின் நிறமி. வெளிர்நிறச் செயற்கை இழையானால், ஓரத்தில் சோதித்த பிறகு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு இடலாம். ஆட்டுக் கம்பளிக்கு அது ஆகாது.

ஒன்றைப் போக்க இன்னொன்றைப் பூசும் இந்த முரணை 13ஆம் நூற்றாண்டிலேயே சைவ சித்தாந்தம் எடுத்துப் பேசியது. மாயையும் உயிரைப் பற்றிய ஒரு மலம், அதாவது அழுக்கு. அதிலிருந்து தோன்றிய உடலைத் தந்து இறைவன், உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலத்தை நீக்குவது எப்படி? வண்ணான் சாணியும் உவர்மண்ணும் சேர்த்தே துணியை வெளுக்கிறான் என்பது சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் தரும் விடை. நெற்றிக்கு ஏறும் திருநீறும் மரபுப்படி சாணியைச் சுட்ட சாம்பலே.

உவமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. ஒயின் ஒருநாள் வந்து ஒட்டியது. ஆணவமோ செம்பில் களிம்புபோல் உயிரோடு அநாதியாய் உள்ளது. முத்தியிலும் அது அழிவதில்லை, மறைக்கும் ஆற்றலை மட்டுமே இழக்கிறது. இங்கே சோப்பைவிடப் பெராக்சைடு பொருத்தமான உவமை: அது கறையைப் பெயர்த்தெடுப்பதில்லை, நிறமியின் அமைப்பைச் சிதைத்து நிறம் காட்டும் திறனைக் கெடுக்கிறது.