பென்ஷன் இழந்த போலீஸ் தலைவர்



ஒரு போலீஸ் அதிகாரி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுகிறபோது என்ன நடக்கும் என்பது நீங்கள் அறியாததல்ல. மாலை போடுவார்கள், தேநீர் விருந்து வைப்பார்கள், மேலதிகாரி நாலு நல்ல வார்த்தை பேசுவார். அடுத்த மாதத்திலிருந்து பென்ஷன் வரும். அவர் கடைத்தெருவில் நடந்துபோனால் பழைய காவலர்கள் எழுந்து நின்று வணக்கம் சொல்வார்கள். நேர்மையாக உழைத்தவருக்கு இவையெல்லாம் நியாயமே. ஆனால் இந்த வாரம் நாம் நினைவுகூரும் போலீஸ் தலைவருக்கு இவற்றில் ஒன்றும் கிடைக்கவில்லை. இருபது வருஷ உத்தியோகத்தின் முடிவில் அவருக்குக் கிடைத்தது அபராதமும் அவமானமுமே. ஏன் என்று கேட்பீர்களானால், அதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறோம்.

சுவிட்சர்லாந்து தேசத்தின் கிழக்கு எல்லையில் சென்ட் காலன் என்றொரு பட்டணம் உண்டு. அயர்லாந்திலிருந்து அந்நியராய் வந்து அங்கே தவம் புரிந்த அர்ச். கால் முனிவரின் பெயரே அந்தப் பட்டணத்தின் பெயராயிற்று என்பது பரம்பரை வழக்கு. அந்த ஊரில் 1891-ம் ஆண்டு பிறந்தவர் பவுல் குரூனிங்கர். முதலில் பள்ளி உபாத்தியாயராக இருந்தார். கால்பந்து ஆட்டத்திலும் பெயர் பெற்றவர். 1919-ல் போலீஸ் இலாகாவில் சேர்ந்து, 1925-ல் சென்ட் காலன் மாநிலப் போலீசின் தலைவரானார். மனைவி, மக்கள், மதிப்பான உத்தியோகம், அமைதியான வாழ்வு என்று எல்லாம் குறைவின்றி இருந்தன.

1938-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஹிட்லர் பக்கத்து நாடாகிய ஆஸ்திரியாவைக் கைப்பற்றினான். அங்கிருந்த யூத மக்கள் வீடு வாசல் இழந்து, உயிருக்குப் பயந்து, எல்லையை நோக்கி ஓடிவந்தார்கள். ரைன் நதியின் பழைய ஓடையைக் கடந்தால் அக்கரை சென்ட் காலன் மாநிலம். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சுவிஸ் அரசாங்கம் எல்லையை மூடிவிட்டது. அனுமதிச் சீட்டு இல்லாமல் வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. அந்த உத்தரவை நிறைவேற்ற வேண்டிய அதிகாரிகளில் ஒருவர் நம் குரூனிங்கர்.

பிரியமானவர்களே, இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். மேசைமேல் உத்தரவு இருக்கிறது. எதிரே நனைந்த உடையோடு ஒரு தாய் குழந்தையை அணைத்துக்கொண்டு நிற்கிறாள். திருப்பி அனுப்பினால் அவளுக்கு என்ன நேரும் என்பது தெரியும். திருப்பி அனுப்பாவிட்டால் தமக்கு என்ன நேரும் என்பதும் தெரியும். அவருடைய ஸ்தானத்தில் நாம் இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? “அம்மா, நான் என்ன செய்ய? சட்டம் அப்படி” என்றுதானே!

குரூனிங்கர் அப்படிச் சொல்லவில்லை. எல்லை மூடப்படுவதற்கு முன்னமே அவர்கள் வந்து சேர்ந்ததாகத் தேதியை முன்னிட்டு எழுதி, அவர்களைத் தங்கவிட்டார். ஒன்றுமில்லாமல் வந்தவர்களுக்குத் தம் கைப்பணத்தால் குளிருக்கு உடை வாங்கிக் கொடுத்தார். இப்படிப் பிழைத்தவர்கள் பல நூறு பேர் என்பது நிச்சயம். 3,600 வரை என்றும் கணக்குச் சொல்லுகிறார்கள்.

விஷயம் மறைந்திருக்கவில்லை. 1939-ம் ஆண்டு அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். பென்ஷனுக்குரிய பாத்தியதையும் போயிற்று. 1940-ல் நீதிமன்றம் அவர் கடமை தவறினார், பத்திரங்களைத் திருத்தினார் என்று தீர்ப்புக் கூறி, 300 பிராங்கு அபராதம் விதித்தது. இரக்கத்தினாலே செய்தார் என்பதை நீதிபதிகளும் ஒப்புக்கொண்டார்கள்; ஆயினும் உத்தியோகஸ்தன் உத்தரவுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றார்கள். ஊரார் வாய் சும்மா இருக்குமா? லஞ்சம் வாங்கினார் என்றும் இன்னும் அவதூறாகவும் பேசினார்கள். அவை ஆதாரமற்ற பேச்சு என்பது வெகுகாலம் கழித்தே விளங்கிற்று.

அதன்பின் அவருக்கு நிலையான வேலை அமையவில்லை. மழைக்கோட்டு விற்றார், கம்பளம் விற்றார், கால்நடைத் தீவனம் விற்றார், சில காலம் தற்காலிக உபாத்தியாயராக இருந்தார். வெளியூரில் படித்துக்கொண்டிருந்த மகள் படிப்பை நிறுத்திவிட்டு வீடு திரும்பி, வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கினாள். தகப்பன் செய்த தருமத்திற்கு வீடே விலை கொடுத்தது. ஆனாலும் தாம் செய்ததைப் பற்றி அவர் ஒருநாளும் வருந்தவில்லை. உயிர்களைக் காப்பதா, காகிதங்களைக் காப்பதா என்ற கேள்வியே தம் முன் நின்றது என்று 1954-ல் அவர் எழுதியதன் கருத்து. 1971-ல் யூத மக்கள் அவரை நீதிமான் என்று கௌரவித்தார்கள். மறு ஆண்டு, 1972-ல், அவர் இறந்தார். அப்போதும் சட்டத்தின் ஏட்டில் அவர் குற்றவாளியே. அவர் இறந்து 23 வருஷங்களுக்குப் பிறகு, 1995-ல்தான் அதே சென்ட் காலன் நீதிமன்றம் வழக்கை மறுபடி விசாரித்து, அவரைக் குற்றமற்றவர் என்றது.

“தேதியை மாற்றி எழுதியது பொய்யல்லவா?” என்று நம் பிள்ளைகள் கேட்கக்கூடும். நல்ல கேள்விதான். பொய் பாவம் என்று நம் தாயாகிய திருச்சபை போதிக்கிறது. அதை நாம் மாற்றவில்லை. எஜிப்து தேசத்து மருத்துவச்சிகளை நினைத்துப் பாருங்கள். எபிரேய ஆண் குழந்தைகளைக் கொல்லும்படி பரவோன் கட்டளையிட, அவர்கள் சர்வேசுரனுக்குப் பயந்து குழந்தைகளைப் பிழைக்கவிட்டார்கள். அரசனிடம் சாக்குச் சொன்னார்கள். சர்வேசுரன் அவர்களுக்கு நன்மை செய்தார் என்று வேதம் கூறுகிறது. அவர் வெகுமதி அளித்தது அவர்கள் சொன்ன பொய்க்காக அல்ல, அவர்கள் காட்டிய இரக்கத்துக்காகவே என்று அர்ச். அகுஸ்தீனுஸ் விளக்குகிறார். குரூனிங்கரையும் அப்படியே பாருங்கள். தன் லாபத்துக்காகப் பத்திரத்தைத் திருத்துகிறவன் வேறு. பிறர் உயிருக்காகத் துணிந்து, அதன் தண்டனையைத் தானே சுமக்கிறவர் வேறு.

தேவமாதாவும் அர்ச். சூசையப்பரும் திவ்விய பாலனை எடுத்துக்கொண்டு ஏரோதின் வாளுக்குத் தப்பி எஜிப்துக்கு ஓடினார்களே, அன்று அந்த எல்லையில் அவர்களை யாராவது தடுத்து, திரும்பிப் போங்கள் என்று சொல்லியிருந்தால்? அந்நியனாய் வந்தபோது நம்மை ஏற்றுக்கொண்டாயா என்று கடைசித் தீர்வைநாளில் ஆண்டவர் கேட்பார் என்பது அர்ச். மத்தேயு சுவிசேஷம் 25-ம் அதிகாரத்தில் இருக்கிறது. உத்தரவு என்ன சொல்லிற்று என்று அங்கே கேள்வி இல்லை.

நம்மில் போலீஸ் தலைவர்கள் எத்தனை பேர்? வெகு சிலரே. ஆனால் ஏதோ ஒரு மேசைக்குப் பின்னால், ஏதோ ஒரு கதவுக்கு உள்ளே நாம் எல்லோரும் இருக்கிறோம். விதவை மனுவோடு வந்து நிற்கையில் “நாளைக்கு வா” என்று சொல்லும் குமாஸ்தா, வெளியூரிலிருந்து பிழைக்க வந்த கூலிக் குடும்பத்துக்கு வீடு தர மறுக்கும் வீட்டுக்காரர், கட்டணம் கட்டாத பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தும் ஆசிரியர் எல்லோரும் சட்டத்தின் நிழலில் சௌகரியமாய் நிற்கலாம். அவர்களில் யாருடைய பென்ஷனும் போய்விடப் போவதில்லை. குரூனிங்கர் எல்லாவற்றையும் இழந்து செய்ததை, நாம் ஒன்றும் இழக்காமலே செய்யலாமே! அதையும் செய்யாவிட்டால் ஆண்டவருக்கு என்ன உத்தரவு சொல்வோம்?

ஆகையால் இந்த வாரம் இரவில் குடும்பமாய்ச் செபமாலை சொல்லும்போது, உத்தியோகத்திலிருக்கும் நம் பங்குப் பிள்ளைகளுக்காக ஒரு பத்து மணி ஒப்புக்கொடுங்கள். பின்பு ஒரு நிமிஷம் மௌனமாயிருந்து, “இந்த வாரம் என் வாசலுக்கு வந்தவர் யார்? அவருக்கு நான் என்ன பதில் சொன்னேன்?” என்று ஆத்தும சோதனை செய்யுங்கள்.

அகதிகள் கடந்துவந்த அந்த எல்லையிலே ரைன் ஓடையின்மேல் உள்ள பாலம் இப்போது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அது மனிதர் காலந்தாழ்த்திக் கொடுத்த மரியாதை. தாமதமில்லாமல் கூலி கொடுக்கிற எஜமான் ஒருவர் உண்டு. அவருக்கு ஊழியம் செய்ய இஷ்டப்பிரசாதத்தை நாம் எல்லோரும் அடைவோமாக. ஆமென்.