நூறு சதவீதப் பொய்

2021இல் பெரியப்பாவிடம் ஒரு பொய் சொன்னேன். கோவிட் தடுப்பூசிக்கு மைசெஜாத்ராவில் அவர் பெயரைப் பதிந்தது நான்தான். தேதி வந்ததும், போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். "ஊசி போட்டா நோயே வராது பெரியப்பா. நூறு சதவீதம்" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அன்னிக்கும் இதையேதான் சொன்னாங்க" என்றார்.

அன்றைக்கு என்றால் 1999. தோட்டத்துச் சம்பளம் போதாமல், நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக் பக்கம் ஒரு பன்றிப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். நான் அப்போது கைக்குழந்தை. அந்தக் கதையைப் பிறகு வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போ வட்டாரத்துப் பண்ணைகளில் தொடங்கிய நோய், முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. அது பன்றி உடலில் பெருகி, கொசு வழியாக மனிதருக்கு வரும். ஆகவே கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்குவது. இங்கே விழுந்தவர்களோ பன்றிகளோடு புழங்கிய பெரியவர்கள். ஊசி போட்டவர்களும் விழுந்தார்கள். பன்றிகளும் இருமி இருமிச் செத்தன.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ நுண்ணுயிரியல் துறையில் டாக்டர் சுவா காவ் பிங், ஒரு நோயாளியின் முதுகுத்தண்டு நீரிலிருந்து புதிய கிருமி ஒன்றைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர் அதற்கு வந்தது. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியின் சளி, எச்சில், சிறுநீர் வழியே மனிதருக்கும் பரவியது நிப்பா. கொசுவுக்கு இதில் வேலையே இல்லை. மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டது. 105 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரில் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்குத் தொற்றி, ஒருவர் இறந்தார். ஏறக்குறைய பத்து லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன.

பெரியப்பாவின் நினைவு வேறு மாதிரி. "கொசு கடிக்காம பாத்துக்கிட்டா போதும்னாங்க. சாயந்திரமானா முழுக்கைச் சட்டை, கொசுவத்தி. பகல்ல வெறுங்கையாலதான் சீக்குப் பன்னியைத் தூக்குனோம்." கூடத் தூக்கியவர்களில் ஒருவர் மருத்துவமனைக்குப் போனார். திரும்பி வரவில்லை. அவரும் ஊசி போட்டிருந்தார்.

நோயைத் தவறாக ஊகித்ததை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. சில நோயாளிகளின் ரத்தத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான தடயம் இருக்கத்தான் செய்தது. கையில் இருந்த சான்றை வைத்து ஊகிப்பதுதான் அறிவியல். என் கேள்வி, அந்த ஊகம் பெரியப்பாவின் வாசலுக்கு வந்து சேரும்போது எப்படி உறுதியாக மாறியது என்பது. "கொசுவால வருதுன்னு நினைக்கிறோம். பெரியவங்க ஏன் சாகிறாங்கன்னு புரியல. தெரியிற வரைக்கும் பன்றியையும் வெறுங்கையால தொடாதீங்க." இப்படி யாராவது சொல்லியிருந்தால்?

சொன்னால் மக்கள் பயந்துவிடுவார்கள் என்பார்கள். அதை நான் லேசாகத் தள்ளிவிட முடியாது. பயத்தில் கைமாறிய பேராக் பன்றிகள் லாரி ஏறி நெகிரி செம்பிலானுக்கு வந்தபோது நோயும் கூடவே வந்தது. பயமும் கொல்லும். ஆனால் அந்தப் பயம், யாரும் எதையும் முழுசாகச் சொல்லாத நேரத்தில் வந்தது. என்ன செய்வது என்று தெரியாதவர் கையிலிருப்பதை விற்கத்தான் பார்ப்பார். கையுறை போடு, சீக்கான பன்றியை நகர்த்தாதே என்று ஒரு வேலையைக் கொடுத்திருந்தால், பயத்துக்கும் ஒரு வழி கிடைத்திருக்கும்.

நான் பொறியியலாளர். தொழிற்சாலையில் ஓர் அழுத்தமானியின் அளவை எழுதினால், பிழை வரம்பையும் சேர்த்தே எழுதுவேன். இல்லாவிட்டால் மேலாளர் கையெழுத்துப் போடமாட்டார். குழாய்க்குக் காட்டும் இந்த நேர்மையை நான் ஏன் பெரியப்பாவுக்குக் காட்டவில்லை? ஆறாம் வகுப்போடு நின்றவருக்கு இதெல்லாம் புரியாது என்று நினைத்தேன். வேறு காரணம் இல்லை. ஆனால் பன்றிகள்தான் முதலில் இருமின, தொட்டவன்தான் விழுகிறான் என்பதைப் பண்ணையில் இருந்தவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள்.

மருத்துவப் பல்கலைக்கழகங்களை வலுப்படுத்த வேண்டும் என்று பேசும்போது ஆய்வுக்கூடம், கருவி, நிதி என்று பட்டியல் போடுகிறோம். அவை வேண்டும். நிப்பாவைக் கண்டுபிடித்தது உள்ளூர் ஆய்வுக்கூடம்தான். அதோடு, பண்ணை வாசலில் உட்கார்ந்து, "நீங்க என்ன பாத்தீங்க?" என்று அவரவர் மொழியில் கேட்கவும், "எங்களுக்கு இன்னும் தெரியல" என்று கூசாமல் சொல்லவும் மாணவர்களைப் பழக்க வேண்டும். அதற்குக் கருவி தேவையில்லை.

அன்று பெரியப்பா ஊசி போட்டுக்கொண்டார். சில மாதங்களில் அவருக்குக் கோவிட் வந்தது. லேசாகத்தான். போன் செய்து, "நூறுன்னியே ஐயா?" என்றார். ஊசி போட்டதால்தான் லேசாகப் போனது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. என் பொய் அவரைக் காப்பாற்றியிருக்கலாம். என் அடுத்த உண்மையை அவர் நம்புவதற்கான வழியை அதுவே அடைத்துவிட்டது.

போன மாதம் கிளினிக்கில் சளிக்காய்ச்சல் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். "இதுவும் நூறா?" என்று கேட்டார். "இல்ல பெரியப்பா. போட்டாலும் வரலாம். வந்தா ஆஸ்பத்திரி வரைக்கும் போற வாய்ப்பு குறையும். கை ரெண்டு நாள் வலிக்கும். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்" என்றேன்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

இன்னும் சொல்லவில்லை. வற்புறுத்தாமல் இருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது.